தன்பாற் கருணையும் புத்தகோசரின் கள்வர்களும்

ஆயர்களுக்கான தியான முகாம்களிலும் ஆற்றுப்படுத்தும் பணி பற்றிய கருத்தரங்குகளிலும் 'செல்ஃப் கம்பேஷன்' என்னும் ஆங்கிலத் தொடர் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. தன்னை ஓயாமல் குறைகூறியும் கடிந்தும் வாழும் மனிதன் அப்பழக்கத்தினின்று விடுபட்டுத் தன்னிடத்திலேயே கருணை கொள்ளப் பழகவேண்டும் என்பதும், அதற்குரிய வழியைப் பௌத்தத் தியான மரபு வகுத்துத் தந்துள்ளது என்பதும் இத்தொடரைப் பரப்பிய நூல்களின் மையக் கருத்து. இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்பதே முதற் சிக்கல். 'தன்னிரக்கம்' என்றால், தன் துன்பத்தையே நினைந்து நினைந்து உருகிக் கிடக்கும் நிலையை நம் வழக்கில் அது குறித்துவிடும். இந்நூலாசிரியர்கள் விலக்க விரும்புவதே அதுதான். ஆகவே 'தன்பாற் கருணை' என்று ஈண்டு வழங்குவோம்.

நம்மவர் இந்நூல்களை இரு வகையாக எதிர்கொள்கின்றனர். பிற சமயத்துச் சரக்கு, பாவ உணர்வை மழுங்கச் செய்வது என்று திறந்து பாராமலே ஒதுக்குவோர் ஒரு சாரார். தன்னை நேசிப்பதுபோலப் பிறனை நேசிக்கப் பணிக்கும் கட்டளையை (மாற்கு 12:31) எடுத்துக்காட்டி, இரண்டும் ஒன்றே என்று மகிழ்ந்து ஏற்போர் மறு சாரார். பௌத்தம் உண்மையிலேயே இந்நூல்கள் சொல்வதைத்தான் சொல்லுகிறதா என்ற வினாவை இரு சாராரும் எழுப்பவில்லை. அவ்வினாவை எழுப்பிப் பார்த்தால், இந்நூல்களின் குறையும் நம்முடைய பிரசங்க பீடத்தின் குறையும் ஒருங்கே புலப்படும் என்பது என் கருத்து.

இந்நூல்களிலும் அவற்றைச் சார்ந்த உரைகளிலும் திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டில் தரம்சாலாவில் மேலைநாட்டு அறிஞர் சிலர் தலாய் லாமாவுடன் உரையாடினர். தன்னையே வெறுக்கும் நிலையைப் பற்றி அவர் என்ன கருதுகிறார் என்று தியான ஆசிரியை ஷாரன் சால்ஸ்பர்க் வினவினார். தலாய் லாமாவுக்கு வினா விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளரிடம் மீண்டும் மீண்டும் கேட்டார். அது ஏதேனும் நரம்பு நோயா என்றும், அத்தகையோர் வன்முறையாளரோ என்றும் ஐயுற்றார். அங்கிருந்தோர் தாமே அந்நிலையை அறிந்தவர்கள் என்று சொல்லக் கேட்டு வியப்படைந்தார். இதனைக் கொண்டு, தன்வெறுப்பு மேலைநாட்டு நோய், கீழ்த்திசையார் அதனை அறியார் என்று முடிவு கட்டுவோர் உளர். ஒருவர் வியந்ததை ஒரு கண்டத்திற்கே சான்றாக்குவது பொருந்தாது. தமிழ்நாட்டில் ஓராண்டு சபைப்பணி ஆற்றிய எவரும் அம்முடிவை ஏற்கமாட்டார்.

சால்ஸ்பர்க் 1995இல் வெளியிட்ட 'அன்புள்ளம்' பற்றிய நூல், இத்துறைப் பிற நூல்களுக்கெல்லாம் ஊற்று எனலாம். அதில் அவர் தம் அனுபவம் ஒன்றைக் கூறுகிறார். தனிமையில் ஒரு வாரம் முழுவதும் தமக்குத் தாமே நலம் வேண்டும் பாவனையைச் செய்து, எந்த உணர்ச்சியும் எழாமல் சலித்துப்போயிருந்தார். பின்னர் அவசரமாகப் புறப்பட நேர்ந்தபோது கண்ணாடிச் சாடி ஒன்று கைதவறி விழுந்து நொறுங்கியது. அக்கணத்தில், இவள் விகாரமான கைக்காரி, ஆயினும் நான் இவளை நேசிக்கிறேன் என்ற பொருளில் ஓர் எண்ணம் தம்முள் எழுந்ததாம். இந்தப் பகுதியில் பொய்யான இனிமை இல்லை. கைதவறியது மறுக்கப்படவில்லை, சாடி உடையவில்லை என்று சொல்லப்படவும் இல்லை. குற்றம் குற்றமாகவே நிற்க, குற்றவாளி தள்ளுண்டு போகாதிருக்கிறாள். லூத்தரின் மரபில் வந்தவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று கவனிக்கவேண்டும்.

உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் சால்ஸ்பர்க்கின் நூலால் தூண்டப்பட்டவர். 2003இல் எழுதிய ஆய்வுரைகளில் தன்பாற் கருணைக்கு மூன்று கூறுகளை அவர் வகுத்தார். தன்னைத் தீர்ப்பிடாது தன்னிடம் தயவு காட்டுதல் ஒன்று. என் தோல்வி எனக்கு மட்டும் உரியதன்று, மனிதர் அனைவர்க்கும் பொதுவானது என உணர்தல் மற்றொன்று. துன்பத்தை மிகையாக்காமலும் மறைக்காமலும் விழிப்புடன் நோக்குதல் மூன்றாவது. இவற்றை அளக்க 26 வினாக்கள் கொண்ட அளவுகோலையும் அமைத்தார். பிறரோடு ஒப்பிட்டு நான் உயர்ந்தவன் என்று காட்டித் தன்மதிப்பை வளர்க்கும் போக்கை அவர் கண்டிக்கும் இடம் நூலின் சிறந்த பகுதி. தன்மதிப்பு வெற்றியில் உடனிருந்து தோல்வியில் கைவிட்டுவிடும் என்கிறார். கிரியைகளினால் வரும் நீதியைப் பற்றி நாம் சொல்லிவருவதும் ஏறத்தாழ இதுவே.

இனி மூலத்திற்கு வருவோம். புத்தகோசர் 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் 'விசுத்திமக்கம்' என்னும் பெருநூலை இயற்றினார். இவர் தமிழகத்துக்கு முற்றிலும் அயலவர் அல்லர். அங்குத்தர நிகாய உரையின் முடிவில் தாம் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைக் குறிப்பிடுகிறார். நூலின் ஒன்பதாம் இயல் மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கையும் விளக்குகிறது. முதல் மூன்றின் பெயர்களை மணிமேகலையின் முப்பதாம் காதையிலும் காணலாம். ஆங்கு அவை செற்றத்தை அறுக்கும் மருந்தாகச் சொல்லப்படுகின்றன.

மைத்திரிப் பாவனையைத் தன்னிடமிருந்து தொடங்குமாறு புத்தகோசர் விதிக்கிறார். நம் கால நூல்கள் தமக்கு ஆதாரமாகக் காட்டுவது இதனையே. ஆனால் அடுத்த பத்தியை அவை பெரும்பாலும் தொடுவதில்லை. புத்தகோசர் அங்கே தமக்குத் தாமே ஒரு தடையை எழுப்பிக்கொள்கிறார். திரிபிடக நூல்கள் மைத்திரியை விரித்துரைக்கும் இடங்களில் தன்னை ஒரு பொருளாகச் சொல்லவில்லையே, அவற்றோடு இவ்விதி முரண்படாதா? அவர் தரும் விடை வியப்பானது. தன்னை நோக்கிய பாவனையை நூறு ஆண்டுகளோ ஆயிரம் ஆண்டுகளோ செய்தாலும் அதனால் உயர்நிலைச் சமாதி கைகூடாது. பின் ஏன் அதனைச் செய்யவேண்டும்? சாட்சிக்காக! பாலியில் அவர் ஆளும் சொல்லும் நம் 'சாட்சி'யும் ஒரே வேரின. நான் இன்பத்தை விரும்புகிறேன், துன்பத்தை வெறுக்கிறேன், வாழ விரும்புகிறேன், சாக அஞ்சுகிறேன். ஏனைய உயிர்களும் அவ்வாறே. இவ்வுண்மைக்கு என் நெஞ்சமே எனக்கு அருகிலுள்ள சாட்சி. இதற்குச் சான்றாகக் கோசல மன்னன் பசேனதியும் அரசி மல்லிகையும் நிகழ்த்திய உரையாடலை அவர் நினைவூட்டுகிறார். தன்னினும் தனக்கு இனியவர் எவரும் இல்லை என்று இருவரும் ஒருவருக்கொருவர் ஒப்புக்கொள்கின்றனர். மன்னன் அதனைப் புத்தரிடம் தெரிவிக்க, அவ்வாறே ஒவ்வொருவர்க்கும் தத்தம் உயிர் இனிது, ஆகையால் தன்னை நேசிப்பவன் பிறரைத் துன்புறுத்தலாகாது என்று அவர் விடையிறுக்கிறார்.

ஆகவே, 'நான்' இங்கே வீட்டின் வாயிலேயன்றிப் படுக்கையறை அன்று. அவ்வாயிலைக் கடந்து ஆசிரியர், நண்பர், நடுநிலையாளர், பகைவர் என்று பாவனை விரிந்து செல்லவேண்டும். சால்ஸ்பர்க் இவ்வரிசையை விடாமல் பின்பற்றுகிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவருக்குப் பின் வந்தோர் கையிலோ வாயிலே இல்லமாகிவிட்டது. சாட்சியாக அழைக்கப்பட்டவன் வழக்கின் முழுப் பொருளாகவும் ஆகிவிட்டான்.

எனினும் இத்துடன் நின்றுவிட்டால் பழைய நூலைக் கொண்டு புதிய நூல்களை அடக்கும் எளிய வேலையே நிகழும். புத்தகோசர் நம்மையும் விடுவதாயில்லை. அதே இயலில், மைத்திரி முழுமை பெற்றதற்கு அடையாளமாக ஒரு கற்பனையை அவர் முன்வைக்கிறார். துறவி ஒருவர், அவருக்கு இனியவர் ஒருவர், நடுநிலையாளர் ஒருவர், பகைவர் ஒருவர் ஆகிய நால்வரும் ஓரிடத்தில் அமர்ந்திருக்கின்றனர். கள்வர் வந்து, கொன்று கழுத்துக் குருதியைப் பலியிடுவதற்காக நால்வருள் ஒருவரைத் தரும்படி கேட்கின்றனர். இன்னாரைக் கொண்டு போகட்டும் என்று துறவி எண்ணினால் அவருடைய அன்பில் வரம்புகள் இன்னும் உடையவில்லை. இதுவரை எளிது. ஏனையோரை விட்டுவிட்டு என்னைக் கொண்டு போகட்டும் என்று எண்ணினாலோ? அப்போதும் வரம்பு உடையவில்லை என்கிறார் புத்தகோசர்! தன்னைக் கொடுக்க விரும்புகிறவன் தனக்கு மட்டும் தீங்கு நாடுகிறான். நால்வருள் ஒருவனை அன்பின் வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டான். அவன் தானேயாயினும் தள்ளப்பட்டவன் தள்ளப்பட்டவனே. கள்வருக்குக் கொடுக்கத்தக்கவர் என்று நால்வருள் எவரையும் காணாத கண்ணே மைத்திரியின் கண்.

கிறிஸ்தவ வாசகன் இங்கே திடுக்கிடுவான். திடுக்கிடவும் வேண்டும். நண்பருக்காக உயிரைக் கொடுப்பதினும் மேலான அன்பில்லை என்று கற்றவர்கள் நாம் (யோவான் 15:13). இவ்வேறுபாட்டை மழுப்பி இரு சமயமும் ஒன்றே என்பது இரண்டையும் அவமதிப்பதாகும். ஆயினும் மற்றொன்றும் நோக்கத்தக்கது. இயேசு தம் உயிரைத் தாமே மனமுவந்து கொடுப்பதாகவும் அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அதிகாரம் உடையவர் என்றும் அதே நற்செய்தி கூறுகிறது (10:18). தம்மை அற்பம் என்று கருதியதால் அவர் சிலுவைக்குச் செல்லவில்லை. அன்பினால் கொடுப்பதும், எறியத்தக்கது என்று எறிவதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும். கள்வர் கதை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் உரைகல். ஓய்வுபெறும் ஆயருக்குப் பாராட்டுரை நிகழ்த்துவோர் தவறாமல் அவரை மெழுகுவர்த்திக்கு ஒப்பிடுகின்றனர். எரிந்து தீர்ந்த அம்மனிதர் அத்தனை ஆண்டுகளும் தம்மை நேசித்துக் கொடுத்தாரா, வெறுத்து எறிந்தாரா என்று எவரும் கேட்பதில்லை. எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்துத் தன் முன்னோரினும் தான் நல்லவனல்லன் என்று கூறிச் சாவை வேண்டியபோது ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவும் இல்லை, அவன் தியாகத்தை மெச்சவும் இல்லை. தூங்கவிட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்து மீண்டும் தூங்கவிட்டார் (1 இராஜாக்கள் 19:4-8). தன்பாற் கருணைக்குத் திருமறையில் சான்று தேடுவோர் மாற்கு 12ஐ விட்டு இப்பகுதிக்கு வருவது நன்று.

பாவத்தைப் பற்றிய கேள்வி எஞ்சியிருக்கிறது. தன்பாற் கருணை மனச்சான்றை உறங்கவைக்கும் என்பது நம்மவர் அச்சம். பௌத்தம் இதில் நாம் நினைப்பதைவிடக் கூர்மையானது. செய்ததையும் செய்யாது விட்டதையும் எண்ணி எண்ணிக் குமைவதைக் 'குக்குச்சம்' என்று பெயரிட்டு, தியானத்தை மறைக்கும் ஐந்து தடைகளில் மனப் பரபரப்போடு சேர்த்து அது வைக்கிறது. அதற்கு உவமை அடிமைத்தனம். ஆனால் நாணம், பழியச்சம் என்னும் இரண்டையும் உலகைக் காக்கும் அறங்கள் எனப் போற்றுகிறது. நாணுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த குறளை அறிந்தவர்க்கு இப்பாகுபாடு புதிதன்று. பின்னோக்கிக் குமைவது வேறு, முன்னோக்கி நாணுவது வேறு. இறைவனுக்கேற்ற துயரையும் உலகத் துயரையும் பவுல் பிரித்ததை (2 கொரிந்தியர் 7:10) இதனோடு ஒப்பிடலாம். சங்யுத்த நிகாயத்தில் சங்கு ஊதுபவன் உவமை வரும் பகுதி இதனைச் செயல்முறையாகவே காட்டுகிறது. கொலை செய்தவன் நரகத்துக்கே உரியவன் என்று கேட்டவன் தன்னை இழந்தவனாக எண்ணிவிடுவான். புத்தரின் சீடனோ, நான் செய்தது தீமை, குமைவதால் அது செய்யப்படாததாகிவிடாது என்று உணர்ந்து, அதனை விட்டுவிட்டு, எல்லாத் திசைகளையும் அன்பினால் நிரப்புகிறான். முதலில் ஒப்புக்கொள்ளுதல், அடுத்து விடுதல், அதன்பின் அன்பு புறத்தே செல்லுதல். நெஃப் தவறைத் திருத்துவதைப் பேசாமல் இல்லை. ஆனால் அவருடைய எடுத்துக்காட்டுகளில் மிகப் பல தோல்வியையும் குறைபாட்டையும் பற்றியவை. தீங்கிழைக்கப்பட்ட மற்றவன் அங்கே அரிதாகவே தோன்றுகிறான்.

நம் வீட்டு நிலை என்ன? மேலைநாட்டார் தம்மைத்தாமே துருவும் மனச்சான்றைப் பவுலின்மீது ஏற்றிப் படித்துவிட்டனர் என்று கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1963இல் எழுதிய கட்டுரை இறையியல் மாணவர்க்குத் தெரிந்ததே, அதனை விரிக்கவேண்டியதில்லை. மிஷனெரிமார் வழியாக வந்த அத்துருவல் இங்கே வேறொரு மரபோடு கலந்தது. மாணிக்கவாசகர் தம்மை 'நாயேன்' என்கிறார். நம் கீர்த்தனைக் கவிஞரும் அவ்வழியே தம்மை இழித்துப் பாடினர். இதனைத் தன்வெறுப்பு என்று இக்கால உளவியலார் ஒரேயடியாகத் தள்ளினால் அது பிழை. 'நாயேன்' என்பது ஒருவரை நோக்கிச் சொல்லப்படும் சொல். கேட்கிறவர் அருளுடையவர் என்று அறிந்து சொல்லப்படுவது. தன்குறை கூறும் நெஞ்சத்திலோ கேட்பவர் எவரும் இல்லை. குற்றம் சாட்டுபவன், குற்றவாளி, நடுவன் மூவரும் ஒருவனே. பாட்டில் எஞ்சி, பாட்டின் முன்னிலை மறைந்துபோகும்போது இழிப்பு மட்டும் தங்கிவிடுகிறது. நாம் ஆக்கும் பிரசங்கங்கள் பல இவ்வேலையைச் செய்கின்றன.

யூதாசை இங்கே நினைக்கிறேன். அவன் தன் குற்றத்தை உணர்ந்தான், ஆசாரியரிடம் சென்று வாய்விட்டு அறிக்கையிட்டான், காசையும் திருப்பிக் கொடுத்தான். அவர்களோ, எங்களுக்கென்ன, நீயே பார்த்துக்கொள் என்ற வகையில் விடைகூறி அவனை அவனிடமே திருப்பி அனுப்பிவிட்டனர் (மத்தேயு 27:3-5). அதன்பின் அவனுக்கு எஞ்சியது அவன் மட்டுமே. ஆயர் பணியின் தோல்வியை இதனினும் சுருக்கமாகச் சொல்ல முடியாது. தன்பாற் கருணை நூல்களிடம் நான் கேட்கும் இறுதிக் கேள்வியும் இதுவே. மிகுந்த பரிவோடுதான் என்றாலும், அவையும் மனிதனை அவனிடமே திருப்பி அனுப்புகின்றன அல்லவா? தேற்றுபவனும் தேற்றப்படுபவனும் ஒருவனாக இருக்கும் வரை, தேற்றுபவன் சோர்ந்த நாளில் தேற்றுவார் யார்? அநாத்துமக் கொள்கையை ஏற்ற புத்தகோசர்க்கு இவ்விடர் இவ்வடிவில் இல்லை. தேற்றப்படவேண்டிய நிலையான 'நான்' என்பதே அவருக்கு மாயை. இலங்கை மெதடிஸ்டு இறையியலாளர் லின் டி சில்வா 1975இல் வெளியிட்ட நூலில் இக்கொள்கையைத் திருமறையின் ஆவி பற்றிய போதனையோடு இணைத்துப் பார்த்தார். மனிதன் தன்னுள் தானே உடைமையாகக் கொண்ட 'தான்' ஒன்று இல்லை, உறவிலேயே அவன் ஆளாகிறான் என்பது அவர் கண்ட வழி. அவ்வழியில் நோக்கினால் நெஃப்பின் மூன்று கூறுகளுள் இரண்டாவதாகிய பொதுமையே முதன்மை பெறவேண்டும். நம் வழிபாட்டு முறையில் பாவ அறிக்கை 'நாங்கள்' என்று பன்மையில் அமைந்திருப்பதும், அதன்பின் மன்னிப்பை மற்றொருவர் வாய் நமக்குச் சொல்லுவதும் தற்செயல் அன்று. நம்மை நம் இருதயமே குற்றப்படுத்தினாலும் கடவுள் அவ்விருதயத்தினும் பெரியவர் என்று யோவான் எழுதுவதும் (1 யோவான் 3:20) இதனையொட்டியதே. வாரந்தோறும் பிறருக்கு மன்னிப்பு உரைக்கும் ஆயர், தமக்கு அதனைப் பிறர் உரைக்கக் கேட்கும் வாய்ப்பு எத்தனை முறை பெறுகிறார் என்பது தனியே ஆராயத்தக்கது.

இன்னொரு குறை இவை அனைத்தினும் நமக்கு நெருங்கியது. இந்நூல்கள் தன்குறை கூறுதலைத் தனிமனிதனின் மனப்பழக்கமாகவும், மிஞ்சினால் குழந்தைப் பருவத்து வளர்ப்பின் விளைவாகவும் காண்கின்றன. தலைமுறை தலைமுறையாக நீ இழிந்தவன் என்று ஊரே சொல்லிச் சொல்லி ஒருவன் காதில் ஏறியது அவன் உள்ளத்தில் அவன் குரலிலேயே ஒலிக்கத் தொடங்கினால், அதற்கு 26 வினாக்களில் இடமில்லை. தன்மீதுள்ள செற்றம் எப்போதும் தன்னுடையதாகவே இருப்பதில்லை. பிறர் செற்றத்துக்கு அவன் உள்ளம் குடிக்கூலியின்றி இடம் கொடுத்திருக்கவும் கூடும். பௌத்தத்தின் துணையால் இக்குரலை வென்ற வரலாறு தமிழகத்திலேயே உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பிச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நடத்தினார். தன் மக்களிடம் அவர் உங்களை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கூறவில்லை. உங்களைப்பற்றிச் சொல்லப்பட்டது பொய் என்றார். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் ஏற்றபோது நிகழ்ந்ததும் அத்தகையதே. தனிமையில் கண்மூடி அமர்ந்து செய்யும் பாவனை அவ்விடத்தில் போதாது. பலர் கூடி நின்று உரக்க மறுக்கவேண்டியிருந்தது. நம் சபைகளில் பின்வரிசையில் அமரக் கற்றுக்கொடுக்கப்பட்ட விசுவாசியிடம் சென்று, உன்மீது நீயே கருணைகொள் என்று மட்டும் ஆயர் சொல்வாராயின், அவனைப் பின்வரிசைக்கு அனுப்பியவர்கள் தப்பிவிடுவர்.

இவ்வளவும் சொன்னது இந்நூல்களைத் தவிர்ப்பதற்காக அன்று. இறையியல் கல்லூரிகளின் ஆற்றுப்படுத்தும் பாடத்தில் நெஃப்புக்கு இடமளிப்பதை நான் வரவேற்கிறேன். அவருடன் விசுத்திமக்கத்தின் ஒன்பதாம் இயலையும் மாணவர் வாசிக்கவேண்டும். ஞாணமோலி பிக்கு செய்து 1956இல் கொழும்பில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதற்கு உதவும். அயோத்திதாசரின் எழுத்துகளையும் அதே வகுப்பில், அதே பருவத்தில் வைக்கவேண்டும்.